தம்பியின் பெயருக்குப் பின்னால்

என் தம்பி ராணுவத்தில் கேப்டன். எல்லையில் சண்டை மூண்ட நாட்களில் குண்டு விழுந்து செத்தான். ‘வீரமரணம் அடைந்தான்’ என்று எழுதச் சொல்வார்கள். எழுத மாட்டேன். இருபத்தேழு வயதுப் பிள்ளை செத்துப்போனான். அதற்கு அலங்காரம் வேண்டாம்.

கடைசியாக விடுப்பில் வந்தபோது அப்பாவிடம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். கூடப் படித்தவள். கம்பத்தில் நர்ஸ் வேலை. எங்கள் ஊர்தான், ஆனால் வேறு தெரு, வேறு சாதி.

மூன்றாம் நாளே சாதிச் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. அவர்களில் மூத்தவர் எனக்குப் பெரியப்பா முறை.

“இந்தக் கல்யாணம் நடந்துச்சுன்னா ஒனக்குக் கோயில்ல முறை, மரியாதை எதுவும் கெடையாது. ஒருத்தரும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டாக. செத்தாலும் தூக்க ஆள் வராது” என்றார் அப்பாவிடம்.

தம்பி சிரித்தான். “என்னையத் தூக்க ராணுவமே வரும் பெரியப்பா. நீங்க செரமப்பட வேணாம்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படி வாசலில் நின்ற நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வயது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், வாயை மூடிக்கொண்டு நின்றேன். விடுப்பு முடியும் முன்பே அவன் கிளம்பிப் போய்விட்டான்.

இரண்டே மாதத்தில் பெட்டியில் வந்தான்.

அவனுக்கு முன்பே பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் முளைத்திருந்தது. நடுவில் சீருடையில் தம்பி, சுற்றிலும் வட்டம் வட்டமாக அதே நாலு முகங்கள். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். பள்ளிச் சான்றிதழிலிருந்து ராணுவ அடையாள அட்டை வரை அவன் எங்கேயும் போட்டுக்கொள்ளாத பட்டம்.

பெட்டியை வாசலில் வைத்திருந்தபோது அந்தப் பெண் வந்தாள். வேலைக்குப் போகிற சேலையோடு அப்படியே டவுன் பஸ் ஏறி வந்திருந்தாள். தெருமுனையிலேயே மறித்துவிட்டார்கள்.

“நீ யாரு அவனுக்கு? பெரிய பெரிய ஆபீஸருங்கள்லாம் வந்திருக்காக. அசிங்கப்படுத்தாம போ” என்று பெரியப்பா அதட்டியது என் காதில் விழுந்தது. எழுந்து போனேன்.

“வழிய விடுங்க.”

“ஏத்தா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஊரே பாக்குது.”

“பாக்கட்டும். செத்தாலும் தூக்க ஆள் வராதுன்னு சொன்னது இந்த வாயிதான? இன்னிக்கு எதுக்கு வந்தீக?”

அவரைத் தாண்டிப் போனேன். அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினேன். அவள் சத்தம் போட்டு அழவில்லை. கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்தபடி பெட்டிமேல் கையை வைத்திருந்தாள். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அவளுக்காக ஓர் எட்டு விலகி நின்றார்கள். எங்கள் உறவில் ஒருவரும் விலகவில்லை. அம்மா அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், திராட்சைக் குலை வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஃபிளக்ஸில் அந்தப் பட்டம் இருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன்.

“தம்பி படத்தையே கிழிக்கிறியேத்தா?” என்றார் டீக்கடைக்காரர்.

“படத்த இல்லண்ணே. அவன் வைக்காத பேர.”

இப்போது சங்கத்துக்காரர்கள் அதே பஸ் ஸ்டாப்பில் தம்பிக்குச் சிலை வைக்கப்போகிறார்கள். கல்வெட்டில் பட்டத்தோடுதான் பெயர் வருமாம். குடும்பத்தின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். முடியாது என்றேன். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“ஊரோட ஒத்துப் போகணும்த்தா” என்றார்.

“அவன் ஒத்துப் போகலையேப்பா!” என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தப் பெண் தேனிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். சிலை விஷயத்தைப் போனில் சொன்னேன். “இனி அந்தப் பக்கம் பஸ்ல வர முடியாதேக்கா” என்றாள்.

அப்பாவோடு நான் பேசி நாலு மாதமாகிறது. சோறு போட்டு வைக்கிறேன். அவ்வளவுதான்.