ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

சென்ற ஜூலை மாதம் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்திற்கு எக்ஸ்ரே அறைக் குணா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். என் கையில் தேநீர்க் குவளை இருந்தது. "சரோ மிஸ் போயிட்டாங்க அங்கிள். காலையில அஞ்சு மணிக்கு, வீட்டுலதான்" என்றார். கிள்ளானை அடுத்த மேருவிலிருந்த சரோ மிஸ் வீட்டுக்கு எப்போது புறப்படலாம் என்று மட்டுமே நான் கேட்டதாகக் குணா பின்னர் சொன்னார்.

திருமதி சரோஜினியை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கிள்ளான் மருத்துவமனையில் அவரிடம் விழுங்கல் சிகிச்சை பெற்றவர்களும், அவர்களுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் அறைக்குள் சிரிக்காமல் போய்வந்தவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது. ஆகவே சோகமாக எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

2023 பிப்ரவரி இருபதாம் தேதி, திங்கட்கிழமை, எனக்குப் பக்கவாதம் வந்தது. கை கால்கள் பத்து நாளில் ஓரளவு திரும்பின, தொண்டை திரும்பவில்லை. மூக்கின் வழியே குழாய் செருகி, பால் போன்ற ஒன்றை உள்ளே இறக்கினார்கள். மார்ச் முதல் தேதி, புதன்கிழமை, மல்லிகைச் சரம் சூடிய ஓர் அம்மாள் என் கட்டிலருகே வந்து, என் குரல்வளையின் மீது இரண்டு விரல்களை வைத்தார். "எச்சில முழுங்குங்க அங்கிள். இன்னொரு தரம். கஷ்டமா இருக்கா? பரவால்லலா, தொண்டை லிப்ட் ஏறுது, ஆனா மெதுவா ஏறுது" என்றார். எங்கள் முதல் உரையாடல் அதுதான். ஏப்ரல் மாத இறுதியில் அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

அப்போது அவர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். நாக்குக்கும் தொண்டைக்கும் வீட்டிலேயே பயிற்சி கொடுத்தால் விழுங்கும் திறன் எவ்வளவு மீளும் என்பது அவருடைய கேள்வி. பதினொரு பேர் சேர்ந்திருந்தோம். என்ன சாப்பிட்டோம், எத்தனை முறை இருமினோம் என்று தினமும் குறித்துவர வேண்டும். அவர் தந்த படிவத்தில் கோடுகள் கோணலாக இருந்தன. ரயில்வே அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பதிவேடு பார்த்தவன் நான். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வேன்? அடிக்கோலை வைத்து ஒரு புதிய படிவம் வரைந்து கொடுத்தேன். "ஐயோ, எவ்வளவு அழகு! எல்லாருக்கும் இதையே குடுத்துடலாம்" என்று மகிழ்ந்தார். பதினொரு பேரும் என் படிவத்திலேயே எழுதினோம்.

ஜூன் மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வரத் தொடங்கியது. நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் முறை காய்ச்சல் கண்டபோது, இப்படியே போனால் குழாயைத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். எனக்குச் சோறு பெரிதல்ல. வாய் வழியாக எதுவும் கூடாது என்றால் பூசையில் வாங்கும் அப்பமான நற்கருணையும் கூடாது என்று பொருள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பங்குக் கோயிலில் ஏழு வயதில் முதன்முதலாக வாங்கியது. மகள் வீட்டோடு கிள்ளானில் தங்கிய பிறகும், ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய் அங்கேதான் வாங்கினேன். அது நின்றுவிடுமோ என்ற அச்சத்தினாலேயே நான் அதைப்பற்றி சரோ மிஸ்ஸிடம் மூச்சுவிடவில்லை.

அவர் என் படிவங்களை மேசையில் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"காய்ச்சல் எப்பவும் செவ்வாய்க்கிழமையே வருது. ரெண்டு நாள் முன்னாடி ஏதோ புரையேறி நெஞ்சுக்குள்ள போயிருக்கணும். ஆனா இதுல ஒரு இருமல்கூட இல்ல. ஞாயித்துக்கிழமை எங்க அங்கிள்?"

நான் வரைந்த படிவத்தில், காலைத் தேநீர் முதல் இரவுச் சாப்பாடு வரை ஒவ்வொரு வேளைக்கும், திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்களே இருந்தன.

"ஞாயிறு அலுவலக விடுமுறை அல்லவா?" என்றேன்.

"தொண்டைக்குமா லீவு?"

உடன் வந்திருந்த என் மனைவி எலிசபெத் வாய்விட்டுச் சிரித்தாள். அதன் பிறகு மறைக்க முடியவில்லை. பூசையில் அப்பம் வாங்குவதையும், இருக்கைக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடிப்பதையும், அப்போது இருமல் வருவதையும் சொல்லிவிட்டேன். விடுபட்ட ஞாயிறுகளை நினைவிலிருந்து அன்றே நிரப்பித் தருவதாகவும் சொன்னேன். அவர் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் அங்கிள். நெனச்சு எழுதறது கதை. கட்டத்துல போடறது அன்னிக்குப் பாத்தது மட்டும்தான். காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும்."

பதினொரு பேருக்கும் ஞாயிறுகள் இல்லாமல் போயிருந்தன. ஏழு கட்டங்களோடு ஆகஸ்டில் முதலிலிருந்து தொடங்கினார். என்னைக் கடிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "நானும்தான் பாக்கல. கோடு அவ்வளவு நேரா இருந்துச்சு, மயங்கிட்டேன்" என்றார். தம் அறிக்கையிலும் படிவத்தின் பிழை என்று ஒளிக்காமல் எழுதினார். பிழை செய்தவன் பெயரையும் போடலாமே என்று கேட்டேன். "உங்க பேரைப் போட்டா, அறிக்கையத் திருத்த வந்து உக்காந்துடுவீங்க" என்றார். உண்மைதான், போயிருப்பேன்.

பூசைக்குப் போகாதீர்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம், எளிதாக முடிந்திருக்கும். மாறாக, பிரிக்பீல்ட்ஸில் புடவை வாங்கப் போனவர் கைப்பையோடு எங்கள் பங்குத் தந்தையிடம் போய் நின்றார். அவர் இந்து, மேரு லோரிக்காரர் ஒருவரின் மகள். அங்கே நடந்ததை எனக்குப் பங்குத் தந்தையே சொன்னார்.

"ஃபாதர், இன்னும் பூஜை பண்ணாத அப்பம் ஒரு பத்து கிடைக்குமா?"

"ஒரு டப்பாவே இருக்கும்மா. எதுக்கு?"

"எக்ஸ்ரே எடுக்கணும்."

"அப்பத்துக்கா?"

"இல்ல ஃபாதர், அங்கிள் தொண்டைக்கு. அப்பம் சும்மா கூடப் போகும்."

ஜூலை இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்கு அந்தச் சோதனை நடந்தது. அர்ச்சிக்கப்படாத அப்பத்தின் மீது பேரியம் என்னும் வெண்பசையைத் தடவினார்கள். விழுங்குவது திரையில் தெரிவதற்காக அது. சுண்ணாம்பைத் தின்றதுபோல் இருந்தது. என் முகம் போன போக்கில் நானே சிரித்துவிட்டேன். "அங்கிள், சிரிக்காதீங்க, படம் ஆடுது" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குணா கத்தினார். முழு அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிறு துண்டு, இரண்டாவது விழுங்கலில் ஒழுங்காக இறங்கியது. பிறகு பேரியம் கலந்த தண்ணீர் ஒரு வாய். திரையில் ஒரு கருங்கீற்று தடம் மாறி மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது. நான் இருமியதோ அதற்குச் சற்றுப் பின்னர்தான்.

"பாத்தீங்களா?" என்று சரோ மிஸ் கைதட்டினார். "அப்பம் பாஸ். தண்ணிதான் பெயில்!"

ஒரு நோயாளி புரையேறியதற்காகக் கைதட்டிய சிகிச்சையாளரை வேறெங்கும் நான் கண்டதில்லை. தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு கலந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்கச் சொன்னார். நேராக இறங்கியது. "சின்னத் துண்டு, தல குனிஞ்சு, ரெண்டு தரம் முழுங்கணும். தண்ணி கிடையாது. கோயில்ல எப்படியும் தல குனியத்தானே போறீங்க!"

ஆகஸ்டு ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிப் பூசைக்கு அவரே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். தந்தை அப்பத்தைப் பிட்டு ஒரு சிறு துண்டு தந்தார். தலை குனிந்தேன். இரண்டு முறை விழுங்கினேன். தண்ணீர்ப் புட்டியை எலிசபெத் தன் கைப்பையில் பூட்டி வைத்திருந்தாள். இருமல் வரவில்லை.

ஆனால் சரோ மிஸ் விடுவதாயில்லை. குரலில் ஈரம் தட்டினால் தொண்டையில் ஏதோ தங்கியிருக்கிறது என்று பொருளாம். கோயில் வளாகத்தில் நிறுத்திவைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை, அரைமணி நேரம் என்னை "ஆ..." என்று இழுக்கவைத்தார். போவோர் வருவோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தந்தை வந்து, "என்ன, பாடகர் குழுவுல சேரப் போறாரா?" என்று கேட்டார்.

"சுருதி கிளியர் ஃபாதர், சேத்துக்கலாம்" என்றார் சரோ மிஸ். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். "இப்பவே போடுங்க அங்கிள்." முதல் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் இருமல், சுழி என்று எழுதினேன். அதன் பிறகு எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

மேருவில் அவர் வீட்டிற்கு அந்தச் செவ்வாயன்றே போனேன். பழைய பதினொருவரில் எழுவர் வந்திருந்தோம். வெளியே பந்தலில் எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்கள். ஏழு பேரும் சட்டைப்பையிலிருந்து மாவுப் பொட்டலத்தை எடுத்துக் கலக்கி, வரிசையாகத் தலையைக் குனிந்து, ஒவ்வொரு மிடறையும் இரண்டு முறை விழுங்கினோம். உறவினர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரின் பேச்சை நிறுத்தித் தாமும் தலை குனிந்தார். சரோ மிஸ் இருந்திருந்தால் பந்தல் அதிரச் சிரித்திருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஏழு கட்டங்கள் கொண்ட அந்தப் படிவம். ஆய்வு முடிந்தும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. 2023 ஆகஸ்டு ஆறிலிருந்து ஒரு கட்டமும் விடுபட்டதில்லை, ஒன்றைத் தவிர. ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய், காலைத் தேநீர். அன்று அதைக் குடித்தேனா, குடிக்கும்போது இருமினேனா, எனக்கு நினைவில்லை. குடித்தேன் என்றும், இருமல் இல்லை என்றும் எலிசபெத் சாதிக்கிறாள், எழுதிவிடச் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.