கோயிலின் பின்சுவர்

போன ஞாயிறு பூசையில் முதல் வாசகம், யூதர்கள் பாபிலோனிலிருந்து ஊர் திரும்பி, இடிந்த ஆலயத்துக்கு மறுபடி அத்திவாரம் போட்ட கதை. நான் வாசகத்தில் கண்ணயர்கிற கட்சி. ஆனால் பிந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரின் உடுப்பில் சீமெந்து மணம். தூக்கம் போய், சூசை அண்ணையின் நினைவு வந்துவிட்டது.

நான் லண்டனுக்கு வந்த புதிதில் மனோர் பார்க்கில் அவரோடுதான் ஓர் அறையில் இருந்தேன். மன்னார்க்காரர், பேக்கரியில் வேலை. நான் ஆக்கிய சோற்றை, "தம்பி, இதை வைச்சு மதிலே கட்டலாம்" என்று சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

சண்டைக் காலத்தில் அவர்களுடைய ஊர்க் கோயிலில் ஷெல் விழுந்து மனைவி திரேசம்மா செத்துப்போனார். சேமக்காலைக்கு, அதுதான் ஊர் இடுகாட்டுக்கு, கொண்டுபோக வழியில்லை. பீடத்துக்குப் பின்னால், சுவருக்கு வெளியே, அண்ணை தனியாகவே குழி வெட்டிப் புதைத்தார். ஒரு சிலுவை நடவும் நேரமில்லை. அன்றே ஊர் காலியானது. கடைசியில் தானும் அவளுக்குப் பக்கத்தில் கிடக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. இடத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. "கோயில் எழும்பட்டும், நானே போய்க் காட்டுறன்" என்பார்.

சண்டை முடிந்து, ஆமி பிடித்து வைத்திருந்த நிலத்தை விட்டது, சனம் திரும்பியது. புதுக் கோயிலுக்கு அத்திவாரம் போட்ட அன்று அண்ணையின் மருமகன் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். பாண்ட் வாத்தியம், வெடி, ஒரே ஆரவாரம். "பெரிய கோயில் மாமா! பின்னுக்கும் நீட்டியிருக்கு, பாருங்கோ!"

பழைய பின்சுவர் இருந்த இடத்தையும் தாண்டி ஈரக் கொங்கிறீட் பரந்து கிடந்தது. அண்ணை என் கையிலிருந்த போனைப் பறித்தார்.

"டேய், அதில ஊத்தாதேங்கோ! அதுக்குள்ள அவள் கிடக்கிறாள்!"

அந்த இரைச்சலில் என்ன கேட்கும்? மருமகன் சனத்தைப் பார்த்துக் கத்தினான்: "மாமா சந்தோசத்தில அழுறார்!" எல்லோரும் எங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

மறுநாள், எடுத்துச் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லி? சனம் ஆசையாக் கட்டுற கோயிலை உடைக்கச் சொல்லவோ?"

பிறகு ஊருக்குப் போகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. வாசகத்திலும் பழைய ஆலயத்தைக் கண்டிருந்த கிழவர்கள் அழுதார்களாம். மற்றவர்களின் ஆரவாரத்தில் அந்த அழுகை தனியாகக் கேட்கவில்லையாம்.

அண்ணையைப் போன வருடம் இங்கேதான் புதைத்தோம். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர். மருமகன் கோயில் படங்கள் அனுப்புகிறான். அழகான கோயில்தான். திரேசம்மாவுக்கு மேலே பாடகர் குழு நிற்கிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது.