பொன்முடி இறக்கத்தில் கழன்ற ஹோஸ்

இன்று காலை பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து செல்வியைப் பிரசவத்துக்காக என் பழைய ஜீப்பில் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிவந்தேன். அவள் கணவன் முருகனும் கூட இருந்தான்.

இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. திறந்து பார்த்தால் ரேடியேட்டர் ஹோஸ் கழன்று தண்ணீரெல்லாம் கொட்டியிருந்தது.

போன வாரம் நானே ஆசையாக மாட்டிய புது ஹோஸ். கிளிப்பைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறேன்.

போனில் சிக்னல் இல்லை. பஸ்ஸும் இல்லை.

"அண்ணா, இனி தாங்காது கேட்டோ!" செல்வி சீட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

கொதிக்கிற ஹோஸை வெறுங்கையால் மாட்டி கிளிப்பை முறுக்கினேன். முருகன் ஓடைக்கு ஓடி பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் கொண்டுவந்தான். எஞ்சின் ஆறும்வரை ஊற்ற முடியாது. அந்த அரைமணி நேரம் எனக்கு உயிரே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாவது நிமிடம் பெண் குழந்தை. இருவரும் நலம்.

முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பழைய வண்டியல்லே, நீங்க என்ன செய்வீங்க? அண்ணன் இல்லேன்னா நாங்க என்னாயிருப்போம்!"

கிளிப்பை முறுக்காமல் விட்டது நான்தான் என்று சொல்லாமலே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் இந்த இணையப் பக்கத்துக்கு வருவதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு அவனிடம் எப்படி ஆரம்பிப்பது? யாராவது சொல்லுங்கள்.