சித்தி வீட்டு டிஸ்ப்ளே செட்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். ஒரு தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் பெரிய டிவி வந்தது. எங்களுடையதை அப்பா ரிங்லெட் டவுனில் டிவி பழுதுபார்ப்பவரிடம் வாங்கினார். யாரோ திருப்பிக் கொடுத்த டிவியாம். கெட்டுப்போன பாகத்தை மாற்றி, துடைத்து, புதிது மாதிரி ஆக்கி வைத்திருந்தார். லோரி ஓட்டும் சித்தப்பாவோ, ஈப்போவில் பெரிய கடையில் பார்வைக்கு வைத்திருந்த டிஸ்ப்ளே செட்டையே பாதி விலைக்குப் பிடித்து வந்துவிட்டார்.

அதில் நிறங்கள் கண்ணைப் பறித்தன. வாடிக்கையாளரை இழுக்கக் கடைக்காரர்கள் ஏற்றி வைத்த வெளிச்சம் அது. குறைக்கச் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. லயமே அங்கே கூடிப் படம் பார்த்தது. அதே கதாநாயகி எங்கள் டிவியில் காய்ச்சல்காரி மாதிரி வெளிறித் தெரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்கு, என் வயதுதான் ஆன சித்தி மகள் பள்ளி வேனில் எல்லோர் முன்னாலும், “எங்களது புதுசு. இவங்களது ரிப்பேர் டிவி லா,” என்றாள். அவளோடு பேச்சை நிறுத்தினேன். ஆனாலும் சாயங்காலமானால் சுவரில் காதை வைத்து அவர்கள் என்ன படம் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்பா சிரித்தார். “நம்மது ஒருவாட்டி கெட்டுப்போயி நல்லானது. அது இனிமேதான் கெடணும் லா.”

அம்மா சிரிக்கவில்லை. “அடுத்தவங்க பொருளப் பார்த்து வயிறெரியக் கூடாது,” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டிய கையோடு, எங்கள் டிவியின் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கூட்டினாள்.

தைப்பூசம் நெருங்கும்போது சித்தி வீட்டுத் திரையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. மறுநாள் முழுக்க இருட்டு. கடையில் மாதக்கணக்காக ஓய்வில்லாமல் ஓடிய டிவி அது. டிஸ்ப்ளே செட்டுக்கு வாரண்டி கிடையாது என்று கடைக்காரன் போனிலேயே கைகழுவிவிட்டான்.

அன்று கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, நனைந்த பூட்ஸைக் கழற்றியதும் அடுப்பைப் பற்றவைத்தாள். முந்திரி, திராட்சை எல்லாம் போட்டு, நெய் ஒழுக ஒழுகக் கேசரி. படம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த சித்தியை நல்ல நாற்காலியில் உட்காரவைத்து, முதல் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள்.

“இன்னிக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டேன். அப்பா சட்டென்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல லா. ரவையில பூச்சி வச்சிரும் போல இருந்துச்சு,” என்றாள் அம்மா.

மறுநாள் ரவை டப்பாவைத் திறந்து பார்த்தேன். மீதி இருந்த ரவையில் ஒரு பூச்சி கிடையாது. அம்மாவுக்குத்தான் எவ்வளவு முன்யோசனை என்று நினைத்துக்கொண்டு மூடி வைத்தேன்.