சுகந்தி அக்காவின் வருத்தம் பரம்பரை இல்லை

சுகந்தி அக்கா போயிட்டா.

முந்தநாள் பின்னேரம், ஆஸ்பத்திரியில். மூளையில் ரத்தக்கட்டி. முப்பத்தாறு வயது...

நெல்லியடியில் நான் வேலை செய்யும் சின்ன லாபில் ரத்தம் எடுக்கிறது அவதான். நரம்பு பிடிபடாத வயசாளிகளிடம், "ஐயா, உங்கடை நரம்பு என்னைக் கண்டு வெக்கப்படுது" என்பா. அவர்கள் சிரித்து முடிக்கமுன் ஊசி வெளியில் வந்திருக்கும்.

போன வருஷம் ஒரு காலமை, பேர் ஒட்டாத போத்தல் ஒன்றை என் மேசையில் வைத்தா. உள்ளே கறுத்தக் கோப்பி நிறத்தில் சிறுநீர்.

"ஆரின்ரை எண்டு கேக்காதை பிள்ளை. பாத்துச் சொல்லு."

அது அவவுடையதுதான். கொழும்புக்கு அனுப்பிய அவவின் ரத்தத்துக்கு றிப்போட் வந்தபோது என்னிடம்தான் நீட்டினா. பி.என்.எச். என்ற வருத்தம், ஆயிரத்தில் ஒருவருக்கும் வராத ரத்த நோய். எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான். ஆனால் நாலு பேருக்கு முன்னால் கதைக்க வராது. அவவுக்கு ஒரு கடுதாசியில் படம் கீறிக் காட்டினேன்.

ரத்தத்தில் ஓடும் செங்குழியத்தின் மேல் காவல் புரதங்கள் நிற்கவேணும். அவற்றைப் பிடித்து வைப்பது நங்கூரம் மாதிரி ஒரு கொழுப்புத் துண்டு. அது இல்லையென்றால் புரதம் ஒட்டாது. காவல் இல்லாத செங்குழியத்தை எங்கள் உடம்பே உடைத்துவிடும். உடைந்தது சிறுநீரைக் கறுப்பாக்கும், ரத்தமும் கண்ட இடத்தில் கட்டிபடப் பார்க்கும்.

"அப்ப எங்கடை வோச்சர் மாதிரி. ஆள் இருக்கிறார், வாசல்லை நிக்கிறேல்லை."

சிரித்தா. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"என்ரை தங்கச்சிக்கும் வருமோ?"

"இல்லை அக்கா. இது பிறப்பிலை வந்ததில்லை. பிறகு உங்கடை எலும்பு மச்சையிலை ஒரு தாய்க் கலத்திலை நடந்த பிழை. அம்மா அப்பா தந்ததும் இல்லை, நீங்கள் ஆருக்கும் குடுக்கவும் ஏலாது."

"அது காணும்." கையுறையைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

நேற்று செத்தவீட்டுப் பந்தலில் ஒரு அம்மா சொன்னா: "உது ரத்தத்திலை ஓடுற வருத்தமெல்லோ. தங்கச்சிக்காரியையும் யோசிச்சுத்தான் எடுக்கவேணும்."

பக்கத்தில் இருந்தது, தங்கச்சிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தாய். "ஓம், கொஞ்ச நாள் போகட்டும் பாப்பம்" என்று எழும்பினா.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அதுக்கு இப்ப வெட்கப்படுகிறேன்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். இது பரம்பரை இல்லை. தொற்றும் இல்லை. ஒருவரின் சாபமும் இல்லை. நம்பாதவர்கள் கீழே கொமென்ற்றில் கேளுங்கோ, எத்தனை தரமென்றாலும் பதில் எழுதுவேன். அந்தப் பந்தலில் இருந்தவர்களுக்கும் அனுப்பி விடுங்கோ.

தங்கச்சியிடம் கேட்டுத்தான் போடுகிறேன்.

"எழுதுங்கோ அக்கா. என்ரை அக்கான்ரை பேரையும் போடுங்கோ," என்றா. "அவையள் இனி ஓம் எண்டாலும், நானெல்லோ ஓம் எண்டோணும்."

போயிட்டு வாங்கோ, சுகந்தி அக்கா...