ஏழரைக்கு வரும்

இது நடந்தது. கட்டுக்கதை என்று தோன்றினால் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை. ஆனால் வன்னியராஜைத் தெரிந்தவர்கள் யாரும் அவனை இன்றைக்கும் டெலிபோன் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

2004, பிப்ரவரி ஐந்து, வியாழக்கிழமை. திருவனந்தபுரம். தைப்பூச நிலா.

வன்னியராஜ் தென்காசிக்காரன். ராணுவ ஹெலிகாப்டர்கள் இரவில் எந்த வழியாகப் பறக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற அதிகாரி. சங்குமுகம் பக்கத்து ஆபீசுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பைலட்டுகள் விளக்கே போடாமல், கண்ணில் காகிள்ஸ் மாட்டிக்கொண்டு பறப்பார்கள். அதற்குள் உலகமே பச்சையாகத் தெரியும். கும்மிருட்டிலும் மரம் தெரியும், மாடு தெரியும், மைல் கணக்கில் தள்ளி இருக்கிற பீடி நெருப்பு தெரியும். இரண்டே இரண்டு விஷயம்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். ஒன்று மூடுபனி. இன்னொன்று குறுக்கே கட்டிய கம்பி. கம்பி கண்ணில் படவே படாது. பட்டபிறகு சொல்ல ஆள் இருக்காது.

அதனால் அவனுக்கு ஒரு வழக்கம். தெரிந்த கம்பிக்கெல்லாம் மேப்பில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவிடுவான். பறக்கிற நாளில் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மலை உச்சிப் பங்களாவுக்குப் போன் போடுவான். அங்கே காவல் இருப்பவர் ராஜையன். நேரில் பார்த்ததில்லை, குரல் பழக்கம்தான். "மேலே எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டால், "மஞ்ஞு இல்லா சாரே, தெளிஞ்சிருக்கு" என்பார். மஞ்ஞு என்றால் மலையாளத்தில் மூடுபனி. வானிலை ஆபீசைவிட அந்த வாயைத்தான் இவன் நம்பினான்.

அன்றைக்குப் பறக்க வேண்டிய பைலட் ஜெயன். கரமனைக்காரன், இவனுக்கு நெருங்கிய சிநேகிதன். கூட இரண்டு பேர். ஏழரைக்கு அந்த உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்ட பயிற்சி அது. காரணமில்லாமல் இன்னொரு தடவை தள்ளினால் மேலதிகாரி வன்னியராஜை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். தப்பாக அனுப்பினாலோ மூன்று உயிர்.

மாலை 4:40. போன் போட்டான். மறுமுனையில் மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. அதற்குள் எடுத்தாகிவிட்டது.

"மேலே எப்படி அண்ணாச்சி?"

"பனியாணு சாரே. நல்ல பனி."

வன்னியராஜுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக மஞ்ஞு, மஞ்ஞு என்ற மனுஷர் நம்ம தமிழுக்கு வந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டான். நோட்டில் எழுதினான்: 4:40, பனி. போனை வைக்கும்போதுதான் கவனித்தான். அந்தப் பக்கம் சோவென்று மழைச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

5:25. மறுபடியும் மணி அடிக்காமலே எடுத்தார்.

"பனி கூடிப்போச்சு சாரே. விறைக்குது... ஆராவது வருமோ?"

ஹெலிகாப்டரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தான். "வரும் அண்ணாச்சி. ஏழரைக்கு வரும்."

"ஏழரைக்கா..." நீளமாக ஒரு மூச்சு. "செரி. நான் முற்றத்தில இருக்காம்."

"புதுசா கம்பி ஏதாவது..."

லைன் போய்விட்டது.

6:50. இந்த முறை குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பல் தந்தியடித்தது.

"ஒண்ணும் காணான் வய்யா சாரே... ஒண்ணும் காணான் வய்யா..."

கண்ணே தெரியாத அளவுக்குப் பனி. அதற்குமேல் வன்னியராஜ் யோசிக்கவில்லை. ஓடிப்போய் ஜெயனை நிறுத்தினான்.

"இன்னைக்கு வேண்டாம்டா. மேலே பனி."

"சேட்டிலைட் படத்தில ஒண்ணும் இல்லல்லோ."

"ராஜையன் சொல்றார்."

ஜெயனுக்குக் கோபம் வந்துவிட்டது. காகிள்ஸை எடுத்துக்கொண்டு இவனையும் மொட்டைமாடிக்கு இழுத்துப் போனான். "நோக்கு. எவிடெடா பனி?"

வன்னியராஜ் பார்த்தான். கிழக்கே மலை வரிசை, பச்சைப்பசேல் என்று, வகிடு எடுத்த மாதிரி துல்லியமாக நின்றது. பனி இல்லை. துளிகூட இல்லை. அவமானத்தில் அவன் காது சுட்டது.

7:30.

உச்சியில் ஒரு புள்ளி வெளிச்சம். இடமும் வலமுமாக மெல்ல ஆடியது.

காகிள்ஸை உயர்த்தினான். நிலா வெளிச்சத்தில் வெறும் மலை.

மாட்டினான். இருந்தது.

ஜெயனும் வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்தது.

7:42. புள்ளி மங்கி... மங்கி... அணைந்தது.

மறுநாள் காலை வன்னியராஜ் ஜீப்பில் மேலே போனான். தோட்டத்து ஆபீசுக்கு முந்தின வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னான். பள்ளத்தாக்கின் குறுக்கே, பங்களா மேட்டிலிருந்து எதிர்மலைக்கு, தேயிலை மூட்டை இறக்குகிற, கைப் பருமன் இரும்புக் கம்பி ஒன்று புத்தம்புதிதாக மின்னியது. அவன் போட்டுக் கொடுத்த வழியில். அதே உயரத்தில். அவன் மேப்பில் அங்கே சிவப்புக் கோடு கிடையாது.

ஆபீசில் கணக்கப்பிள்ளை தாணுமாலயன் இருந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள்.

"ராஜையன் அண்ணாச்சியைப் பார்க்கணும். நேத்துப் பேசினேன்."

"நேத்தா? அவரு திங்கக்கெழம ராத்திரியே போயிட்டாருல்லா சார். கடுங்காச்சலு. அன்னைக்குன்னு பாத்து மழ வேற."

அலமாரியைத் திறந்து காட்டினார். பங்களாப் போன் உள்ளே இருந்தது. ஒயரை அறுத்துச் சுற்றி வைத்திருந்தார்கள். அதன்மேல் தூசி.

"என்கிட்ட... பனின்னாரே."

"மலையாளத்துல பனின்னா காச்சல்லா சார்."

"நீங்க யாரும் போய்ப் பார்க்கலையா?"

தாணுமாலயனுக்கு முகம் சிறுத்துவிட்டது. டெலிபோன் ரிஜிஸ்தரை எடுத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

4:45. ராஜையன், மேல் பங்களா. காய்ச்சல், ஆள் வேண்டும் என்றார். ஆட்கள் கம்பி இழுக்கும் வேலையில்.

5:30. ராஜையன். இனி ஆள் வேண்டாம் என்றார். ஏழரைக்கு வரும் என்று ஒரு சார் போனில் சொல்லிவிட்டாராம்.

வியாழக்கிழமை 5:25-க்கு வன்னியராஜ் சொன்ன அதே வார்த்தை; திங்கட்கிழமை அவன் மேலே போனே போடவில்லை.

"அதான் நாங்க போவல்ல சார். காலையில பாத்தா முற்றத்துல ஸ்டூல்ல இருக்காரு. தல ஆகாசத்தப் பாத்து. கையில டார்ச்சு, பேட்டரி தீந்து கெடக்கு."

ரிஜிஸ்தரை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த சாரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"