டேங்க் மூடியின் சாவி

நான் ஓட்டும் வண்டியின் டீசல் டேங்க்குக்குப் போன கார்த்திகையில் பூட்டு வந்தது. தனியாகத் தொங்கும் பூட்டு இல்லை. மூடியிலேயே சாவி போடும் துவாரம் உள்ள புது மூடி. முதலாளி புதுக்கோட்டையில் வாங்கி வந்து, தானே திருகிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீசல்ல தூசி விழுதுல்லப்பா, அதுக்குத்தான்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

பழைய மூடியிலும் தூசி விழாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அவர் ஆலங்குடியில் தேங்காய் வியாபாரி. அவரிடம் நான் ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். வண்டி ஒரு பழைய டீசல் பிக்கப். நான் வரும்போதே ஒரு கை மாறி வந்தது. வாரத்தில் ஐந்து நாள் தோப்புக்குத் தோப்பு போய் உரித்த காயை ஏற்றிக் கொட்டகையில் இறக்க வேண்டும். ஒரு நாள் மணமேல்குடிப் பக்கம் கடைகளுக்குக் காய் கொண்டுபோக வேண்டும். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. நானும் அவரிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். போன் என்றால் இன்னும் மோசம். எதிர் ஆளின் முகம் தெரியாமல் என்ன பேசுவது என்று கை வேர்க்கும்.

வண்டி லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அது பத்துக்கு இறங்கிவிட்டது. வண்டியை எடுத்த நாளிலிருந்து டீசல் எப்போது போட்டது, மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதெல்லாம் முதலாளிக்கு மனப்பாடம். ஒரு நாள், "என்னப்பா, வண்டி இப்பல்லாம் ரொம்பக் குடிக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது. அடுத்த வாரம் பூட்டு வந்துவிட்டது.

அதிலிருந்து டீசல் போடப் போனால் முதலாளி டூவீலரில் பின்னால் வருவார். மூடியைத் திறந்துவிட்டு, போட்டு முடிக்கும் வரை நின்று, பூட்டிக்கொண்டு போவார். அவருக்கு வேலை இருந்தால் நான் பெட்ரோல் பங்கில் காத்து நிற்க வேண்டும். அங்கே டீசல் போட்டுவிடும் அம்மா என்னை நெடுநாளாகப் பார்ப்பவர்.

"என்னண்ணே, வண்டியக் குடுத்துட்டாக, சாவியக் குடுக்கலயா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேலிக்குத்தான் சொன்னார். நான் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதியாக இருந்தேன். பூட்டிய பிறகும் வண்டி பத்துதான் கொடுக்கும், அப்போது நான் டீசல் எடுக்கவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. கணக்கு அதே பத்து. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை நான் கொட்டகைக்கு வந்தபோது முதலாளி மழை ஈரத்தில் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டேங்க்கின் அடியில் வண்டல் இறக்க ஒரு நட்டு இருக்கும். அதில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "ஒழுகுதான்னு பாத்தேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். ஆனால் டீசல் எடுக்கிற டிரைவர் என்று ஆலங்குடியில் ஒருமுறை பேர் வந்துவிட்டால், எந்த வண்டிச் சாவியைக் கையில் வாங்கினாலும் அந்தப் பேரும் கூடவே வரும். டீசல் எங்கே போகிறது என்று நானேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். இந்தமுறை முதலாளியிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போனேன். "பாரு, பாரு" என்றார், அவ்வளவுதான்.

"டீசல் அடைக்குதா, பொக தள்ளுதா, இழுவ இல்லையா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இல்ல."

"அப்பறம் என்னதான் செய்யுது? சொல்லு மாப்ள. நீ ஒரு வார்த்த பேசுறதுக்குள்ள இருக்குற டீசலும் ஆவியாப் போயிரும்."

சொன்னேன். பூட்டைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் கேலியை நிறுத்திவிட்டார்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றினோம். தென்னை நார்த் தூசி அப்பியிருந்தது. புதிது போட்டோம். நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தோம். பின்னால் இரண்டிலும் குறைவு, நிரப்பினோம். பைப்புகளில் டீசல் கசிவு இல்லை. அதற்குப் பிறகு, டேங்க் வழிய நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, அதே பங்கில், அதே பம்பில், அதே இடத்தில் நிறுத்தி மறுபடி வழிய நிரப்பிப் பார்க்கச் சொன்னார். பாதி டேங்க்கை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் எல்லாம் ஜோசியம் என்றார். நிரப்பும் இரண்டு தடவையும் முதலாளி சாவியோடு வந்தார். பத்தரை வந்தது.

"பத்தர" என்றார் முதலாளி.

அன்று மணமேல்குடியிலிருந்து திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினேன். இறங்கி வரும்போது பின் சக்கரத்துப் பக்கம் தீய்ந்த வாசனை. பிரேக் டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனேன். இடது பக்கம் கிட்டவே போக முடியாத சூடு. வலது பக்கம் தாராளமாகத் தொட முடிந்தது. மறுநாள் மெக்கானிக் ஜாக்கி போட்டு இரண்டு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிவிட்டார். வலது சக்கரம் மூன்று நான்கு சுற்று ஓடி நின்றது. இடது சக்கரம் அரைச் சுற்றுகூட ஓடவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் மழையில் துருப்பிடித்து, விட்டாலும் முழுதாகத் திரும்பாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஒரு சக்கரத்தைப் பிரேக் போட்டபடியே ஓட்டியிருக்கிறேன். சுமை வண்டி என்பதால் எனக்குத் தெரியவில்லை.

கேபிளை மாற்றினோம். மறுபடி நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, நிரப்பினோம். பதினொன்றரை.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தபடி வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் தோப்பிலிருந்து நேராக வந்திருந்தேன்.

"ஏன் மாப்ள, சூட்டு முள்ளு ஏறவே இல்ல? எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா. கீழயேதான் இருக்கும்."

"எப்பருந்து?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சித்திரையிலிருந்து.

சித்திரை மாதம் ஒரு நண்பகல், மணமேல்குடிக்குப் போகும் வழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டியில் முழு லோடு. பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. அங்கே இருந்தவர் இஞ்சின் தலையில் இருந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எடுத்தார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே? குளுரு நாட்டுக்காரன் வச்சது. எல்லாரும் கழட்டித்தான் ஓட்டுறாக" என்றார். நான் பல வண்டியில் அப்படிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டினேன். கழற்றியதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். சீட்டுக்கு அடியில் போட்டேன். அதன் பிறகு முள் ஏறவே இல்லை. அது கீழேயே படுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வண்டி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வண்டியில் எதைத் தொடுவதென்றாலும் முன்னால் போன் செய்து கேட்க வேண்டும் என்பது முதலாளி எனக்குச் சொல்லியிருந்த ஒரே கட்டளை. அன்று நான் போனை எடுத்து, என்ன சொல்வது என்று யோசித்து, உள்ளே வைத்துவிட்டேன். சாயங்காலம் நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவரிடம் ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார். அப்படியே எட்டு மாதம் போய்விட்டது.

சீட்டைத் தூக்கிப் பேப்பர் பொட்டலத்தை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாமப் பிடிச்சு வைக்கத்தான் இது இருக்கு. இது இல்லன்னா எந்நேரமும் பச்சத் தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும். நீ ஓட்டுறதோ நாலு கிலோமீட்டரு, நிறுத்தி லோடு, ரெண்டு கிலோமீட்டரு, நிறுத்தி லோடு. மழக் காலத்துல இஞ்சின் எப்பச் சூடாகும்? குளுந்த இஞ்சினு டீசலக் குடிக்கத்தான் செய்யும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இத மாட்டிர்றேன். மொதலாளிகிட்ட எல்லாம் பிரேக்கால வந்ததுன்னு சொல்லிரு. நானும் அதையே சொல்றேன்" என்றார்.

வால்வு இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொதிநீரில் போட வேண்டும் என்றார். அவருடைய அடுப்பில் கேஸ் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய குண்டானில் தண்ணீர் வைத்து, வால்வைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்புக்கு முன்னால் நின்றேன். என் மனைவி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, ரசமா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கவும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. வால்வின் நடுத்தட்டு மெதுவாக இறங்கி, அரை விரல் அளவு திறந்தது. வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. அதில் ஒரு குறையும் இல்லை. சித்திரையில் வண்டி சூடானதற்கு அது காரணமே இல்லை.

"இது நல்லாத் தொறக்குது. ஒங்க வாயிலயும் ஆண்டவன் ஒண்ணு வச்சிருக்கான், அது எந்தக் கொதியிலயும் தொறக்காது" என்றாள். பிறகு, "பிரேக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சுருமா?" என்று கேட்டாள்.

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பிரேக்கைச் சரி செய்து பதினொன்றரை வந்ததை முதலாளியும் பார்த்துவிட்டார். இனி வால்வை மாட்டியதும் பதின்மூன்று வரும். பிரேக் சரியானதற்கு அப்புறமும் ஒரு வாரம் குறைந்த டீசல் எங்கே போயிற்று என்று அவர் மனக்கணக்கில் நிற்கும். ஆள் பயந்து நிறுத்திவிட்டான் என்றுதான் நினைப்பார். செய்த தப்பைச் சொல்லாவிட்டால் செய்யாத தப்பு என் பேரிலேயே இருந்துவிடும்.

மறுநாள் காலை வால்வை மாட்டாமலே கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தோப்புக்குப் போய் வந்து, முதலாளியிடம், "கொஞ்சம் வாங்க" என்றேன். நான் அவரைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். கணக்குப்பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்தார்.

"முள்ளப் பாருங்க" என்றேன். பார்த்தார். பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைத் தொடச் சொன்னேன். தயங்கித் தொட்டார்.

"சுடவே இல்லையேப்பா?"

"சுடணுங்க." பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தேன். "இது உள்ள இருக்கணும். சித்திரையில மணமேல்குடி வழியில வண்டி கொதிச்சப்ப கழட்டினது. நாந்தான் சரின்னேன். ஒங்களக் கேக்கல. அதுலதான் டீசல் போயிருக்கு. நான் எடுக்கலங்க."

கடைசி வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது.

அவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுத்தன்னு நான் சொன்னனாப்பா?" என்றார்.

நான் டேங்க் மூடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஒரு போனு பண்ணியிருக்கலாம்ல?"

"பேச்சு வரலங்க."

"எட்டு மாசமா வரலயா?" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, "மாட்டச் சொல்லு. ஆனா மறுபடி கொதிச்சா?" என்றார்.

அன்று மாலை மெக்கானிக் ரேடியேட்டரைப் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினார். தென்னை நாரும் தூசியும் கட்டிக் கட்டியாக வெளியே வந்தன. ஒரு சின்னத் தலையணைக்கு ஆகும். தோப்பில் காய் உரிக்கும் இடத்தில் கொண்டுபோய் வண்டியின் மூக்கை வைத்து நிறுத்துவதுதான் என் வழக்கம். சித்திரையில் வண்டி கொதித்ததற்குக் காரணம் அதுதான். இப்போது தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்துகிறேன்.

அடுத்த நிரப்பலுக்கு முதலாளி வந்தார். பன்னிரண்டே முக்கால் வந்தது. மீட்டரைத் தானே இரண்டு முறை பார்த்தார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "பழைய மூடி கொட்டகையில கெடக்கு. நாளைக்கு அதையே போட்டுக்க" என்றார். மன்னிப்பு என்று அவர் எதையும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

டீசல் போட்டுவிடும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நான்கைந்து வண்டிகள் நின்றன.

"பூட்டு இருக்கட்டுங்க" என்றேன். "சாவிய மட்டும் எங்கிட்டக் குடுங்க."

அவர் மூடியைத் தானே பூட்டி, சாவியை என் கையில் வைத்துவிட்டு டூவீலரை எடுத்தார். அந்தச் சாவியை வண்டிச் சாவி வளையத்திலேயே கோத்து வைத்திருக்கிறேன்.